தட்டில் மீந்த துண்டு

இன்னும் ஐந்து வரிசை இருக்கிறது, அவசரம் ஒன்றுமில்லை என்று மாசிலாமணி தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். சொன்ன கையோடு மறுபடியும் எண்ணிப் பார்த்தால் நாலுதான் இருந்தது. நடுவில் ஒரு வரிசை எழுந்து போயிருக்கிறது, இவர் கவனிக்கவில்லை. எப்படிக் கவனிப்பார்? மடியில் ஷீபாவின் ஆறு மாதப் பெண்குழந்தை இவருடைய சட்டைப் பொத்தானைப் பிடித்து வாய்க்குக் கொண்டுபோகப் பார்க்கிறது, அதை விடுவித்தால் கண்ணாடிக்குத் தாவுகிறது. திருவிருந்து ஞாயிறு என்றால் அவருக்கு இதுதான் வேலை. கைக்குழந்தைக்காரிகள் அப்பமும் திராட்சரசமும் வாங்கப் பந்திக்குப் போகிறபோது, வாசலோரம் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற மாசிலாமணியின் மடியில் குழந்தையைப் போட்டுவிட்டு, “தாத்தா, கொஞ்சம் பாத்துக்கோங்க” என்று போய்விடுவார்கள். அவர்தான் எழுந்து போகமாட்டாரே, ஊருக்கே தெரியுமே. இந்த ஷீபாவையே இதே மடியில் வைத்திருந்தார். அவள் அம்மாவையும் வைத்திருந்தார், அது வேட்டியை நனைத்துவிட்டு அவரைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரித்தது, அந்தச் சிரிப்பு அப்படியே இந்தக் குட்டிக்கும் வந்திருக்கிறது பாரேன். போகட்டும், யோசிக்க வேண்டியது அதில்லை. நாற்பத்து மூன்று வருஷமாகப் பந்திக்குப் போகாத மனுஷர் இன்றைக்கு எழுந்து போவாரா மாட்டாரா, அதுதான் யோசிக்க வேண்டியது. இந்தக் கோயிலில் இருக்கிற இருநூறு பேரில் ஒருத்தருக்கும் அப்படியொரு கேள்வி இருப்பதாகவே தெரியாது. அவருக்குத் தெரியும், வலதுபக்கம் பெண்கள் வரிசையில் முக்காடு போட்டு உட்கார்ந்திருக்கிற அவர் சம்சாரம் சற்குணத்துக்குத் தெரியும், அவ்வளவுதான். சற்குணம் முதல் தடவையிலேயே போய் வாங்கிவிட்டு வந்துவிட்டாள். வருகிறபோது இந்தப் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். சோறு வடிக்கிறபோது மூடியை நகர்த்தி உள்ளே பார்ப்பாளே, வெந்ததா இல்லையா என்று, அந்தப் பார்வை.

எல்லாம் அந்தத் தகரப்பெட்டி கொண்டுவந்த வினை. மிஷன் பங்களாவின் பின்னறையில் அது பாட்டுக்குக் கிடந்தது. பங்களாவை இடிக்கப் போகிறோம், பழைய மிஷனரி மரினுஸ் ஐயருடைய காகிதங்களை அமெரிக்காவில் ஒரு கல்லூரியில் பத்திரப்படுத்தி வைக்கக் கேட்கிறார்கள், உங்களை விட்டால் அவர் கையெழுத்தைப் படிக்க ஆளில்லை என்று இப்போதைய போதகர் கிளமென்ட் ஐயர் வீடு தேடி வந்து சொன்னார். வாஸ்தவம்தான். வேறு யார் இருக்கிறார்கள்? இருபத்து நாலு வருஷம் அந்த மனுஷருக்கு டைப் அடித்தவர் மாசிலாமணி. எறும்பு ஊர்ந்த மாதிரி கையெழுத்து, அதிலும் பாதி நாள் பேனாவில் மை இருக்காது. பெட்டியைத் திறந்தவுடன் அடித்தது பெப்பர்மின்ட் வாசனை. இத்தனை வருஷத்துக்கு அப்புறம் எங்கிருந்து வாசனை வரும், மனப்பிராந்திதான், ஆனால் வந்தது. ஐயர் பிரசங்கம் பண்ணுகிறபோதுகூட கடைவாயில் ஒரு பெப்பர்மின்ட் இருக்கும். ஆபீசில் பதினோரு மணிக்கு தன் மேசையிலிருந்து ஒன்று, டைப்ரைட்டர் பக்கத்தில் ஒன்று, பேசாமல் வைத்துவிட்டுப் போவார். இவரும் பேசாமல் எடுத்துப் போட்டுக்கொள்வார். பேசாமலே எத்தனை காரியம் பண்ணியிருக்கிறோம் ரெண்டு பேரும், கடவுளே. பெட்டியில் பிரசங்கக் கட்டு, கடிதக் கட்டு, ழகரம் வராமல் ஐயர் எழுதி எழுதிப் பழகின ஒரு நோட்டு, ‘மழை, வாழை, கிழவி’ என்று பக்கம் பக்கமாக, கடைசிவரைக்கும் ‘மளை’ என்றுதான் சொன்னார். ஒரு கப்பல் டிக்கெட். பதினோரு வயசில் ஹாலந்திலிருந்து அப்பா அம்மாவோடு அமெரிக்காவுக்குப் பிழைக்கப் போன டிக்கெட். கடலைவிடத் தாழ்ந்த ஊராம் அவர் ஊர், கரை கட்டி வைத்து அதற்குக் கீழே குடியிருப்பார்களாம், ராத்திரி படுத்தால் தலைக்கு மேலே கடல் இரைகிற சத்தம் கேட்குமாம். அதை விட்டுவிட்டு மிச்சிகனில் சேற்று நிலத்தில் கீரைத்தண்டு பயிர்செய்து, அதையும் விட்டுவிட்டு இருபத்தொன்பது வயசில் இந்த வடாற்காட்டு வெயிலுக்கு வந்து நின்றார். ஏன் ஐயா இப்படி ஊர் ஊராய் அலைந்தீர் என்று ஒருநாள் கேட்டதற்கு, “மாசிலாமணி, அழைக்கப்பட்டவன் போகவேண்டும் அல்லவா?” என்றார். அழைக்கப்பட்டவன்! அந்த மனுஷர் வாயால் அந்தச் சொல்! குழந்தை கண்ணாடியைப் பிடுங்கிவிட்டது. ஒரு நிமிஷம் கோயில் முழுக்க வெள்ளை வெள்ளையாய்க் கலங்கித் தெரிந்தது, இதில் கண்ணாடியின் பங்கு எவ்வளவு கண்ணீரின் பங்கு எவ்வளவு என்று அவருக்கே சொல்லத் தெரியவில்லை.

நாலு வரிசை. இல்லை, மூன்றரை. கொழுந்தியாள் கல்யாணத்தில்தான் ஆரம்பித்தது. சற்குணத்தின் அண்ணன் பாக்கியநாதன், ‘டைப் அடிக்கிறவனுக்கெல்லாம் முதல் பந்தியா’ என்று நாலு பேர் கேட்க ஒரு வார்த்தை விட்டான். மாசிலாமணிக்கு அப்போது முப்பத்தாறு வயசு, இரத்தம் சும்மா இருக்குமா? பரிமாறிக்கொண்டிருந்தவன் கையிலிருந்து ரசக் கரண்டியை வாங்கி மச்சான் மண்டையில் ஒன்று போட்டார். ‘ணங்’ என்று ஒரு சத்தம், பாக்கியநாதன் வெள்ளைச் சட்டையெல்லாம் கொத்தமல்லி. இன்றைக்கு நினைத்தாலும் வாயில் சிரிப்பு வந்துவிடுகிறது, பாவம், செத்தும் போய்விட்டான். அதற்கு அடுத்த வாரம் ஐயர் வீடு சந்திக்க வந்தார். அவர் காலத்தில் திருவிருந்து வருஷத்துக்கு நாலு தடவைதான், ஒவ்வொரு தடவைக்கும் முந்தி நோட்டும் கையுமாகச் சைக்கிளில் வீடு வீடாக வருவார். மூன்று கேள்வி. வீட்டில் ஜெபம் உண்டா, வேதம் வாசிக்கிறீர்களா, எல்லாரோடும் சமாதானமா. மூன்றாவதற்கு மாசிலாமணி, “எல்லாரோடயும் உண்டு ஐயா, பாக்கியநாதன் ஒருத்தனோட மட்டும் கிடையாது” என்றார், பெரிய அரிச்சந்திரன். ஐயர் நோட்டை மூடினார். “அப்படியானால் இந்தத் தடவை பந்திக்கு வராதே. முதலில் போய் அவனோடு ஒப்புரவாகு.” நியாயம்தானே. மூன்றே மாசத்தில் பாக்கியநாதன் ஒரு பலாப்பழத்தைத் தோளில் சுமந்துகொண்டு வீட்டுக்கு வந்துவிட்டான், ரெண்டு பேரும் ஒரே இலையில் பிய்த்துத் தின்றார்கள், ஊரே பார்த்தது, ஐயருக்கும் தெரியும், “மச்சான் வந்தானாமே, மிகவும் சந்தோஷம்” என்று அவரே சொன்னார். ஆனால் ‘இனிமேல் வா’ என்று சொல்லவில்லை. மாசிலாமணி காத்திருந்தார். வராதே என்று சொன்ன வாய்தானே வா என்றும் சொல்லணும்? வெளியே போகச் சொன்ன வீட்டுக்குத் தானாகப் போய் நிற்கிறவனுக்கு இந்த ஊரில் என்ன பேர்? அடுத்த திருவிருந்து வந்தது, கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். ஐயர் பலிபீடத்துப் பக்கமிருந்து நேராக இவரைப் பார்த்தார். ரெண்டு வினாடி இருக்கும். அப்புறம் தலையைக் குனிந்துகொண்டார். ஓகோ, இன்னும் கோபம் தீரவில்லையா, சரி, நானும் பார்க்கிறேன் என்று மாசிலாமணியும் தன் கையைப் பார்த்துக்கொண்டார். அப்படிப் பார்க்க ஆரம்பித்த கைதான். மறுநாள் திங்கட்கிழமை எட்டரைக்கு ஆபீஸ். “ஒரு கடிதம் எழுதுவோம், மாசிலாமணி.” “சரிங்க ஐயா.” பதினோரு மணிக்குப் பெப்பர்மின்ட். ஒரு சொல் அதைப்பற்றி இல்லை. பன்னிரண்டு வருஷம், ஒரே அறை, ஒரே மின்விசிறி, எதிரும் புதிருமாக ரெண்டு மேசை. கடைசியில் அவரை ஊருக்கு அனுப்பக் காட்பாடி ஸ்டேஷனுக்குப் போனபோது கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, “உன்னைப் போன்ற ஒருவனை நான் இந்த தேசத்தில் காணவில்லை” என்றார். மாசிலாமணி வீட்டுக்கு வந்து, பாத்தியா, என் டைப்பிங்கைப் பத்தி ஐயர் என்ன சொன்னாரு தெரியுமா என்று சற்குணத்திடம் பீற்றிக்கொண்டார்.

டைப்பிங்காம். அட மண்டு. அந்த வீடு சந்திப்பு நோட்டை ஐயர் டைப் அடிக்கக் கொடுத்ததே இல்லை, பூட்டி வைத்திருந்தார், போன செவ்வாய்க்கிழமைதான் இவர் கைக்கு வந்தது. தன் பேரைத் தேடித்தான் புரட்டினார், யார்தான் தேட மாட்டார்கள்? எம். என்று மட்டும் எழுதியிருந்தது. ‘எம். இன்றும் வரவில்லை. மச்சானோடு சமாதானமாகிவிட்டான், தடை ஒன்றுமில்லை, ஆனாலும் வரவில்லை. தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். அப்பா தன் தொப்பியைப் பார்த்துக்கொண்டிருப்பார்.’ மாசிலாமணிக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. யார் தொப்பி, எந்த அப்பா? மேலே படிக்கப் படிக்கத்தான் விளங்கியது. ஐயருடைய ஊரில் திருவிருந்துக்குக் கோயில் நடுவே நீளமாக மேசை போட்டு வெள்ளைத்துணி விரிப்பார்களாம். நூறு பேர் இருந்தால் பத்துப் பேர்தான் எழுந்து போய் உட்காருவார்களாம். மற்றவர்களுக்குப் பயம். நான் யார் அந்த அப்பத்தைத் தொட, நான் பாவியல்லவா என்று நடுங்கிக்கொண்டு இருந்த இடத்திலேயே இருந்துவிடுவார்களாம். அப்படி இருக்கிறவர்களைத்தான் அந்த ஊரில் மெய்யான பக்தர்கள் என்று மதிப்பார்களாம், போய் வற்புறுத்தவும் மாட்டார்களாம், அது மரியாதை இல்லையாம். ஐயருடைய அப்பா அப்படி ஒரு தடவைகூட மேசைக்குப் போகாமல், ஹாலந்திலும் போகாமல் மிச்சிகனிலும் போகாமல், தொப்பியை முழங்காலில் வைத்துப் பார்த்துக்கொண்டே கிழவராகிவிட்டார். அவர் சாகக் கிடந்தபோது மகன் புதுசாகப் பட்டம் பெற்ற போதகர். அப்பத்தையும் கிண்ணத்தையும் பையில் வைத்து எடுத்துக்கொண்டு போய்க் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தவர், கேட்கத் தைரியமில்லாமல் பையைத் திறக்காமலே திரும்பி வந்துவிட்டார். ‘கேட்டால் அவர் பயந்துவிடுவார் என்று நினைத்தேன். ஒருவேளை நான் கேட்கவேண்டும் என்று காத்திருந்தாரோ, தெரியாது.’ இதை எழுதினவருக்கு, எதிர் மேசையில் ஒருத்தன் அதே காத்திருப்பு காத்துக்கொண்டிருந்தான் என்று தோன்றவில்லையே! தோன்றவில்லை. இவனுக்கும் அதே தேவபயம் என்று நினைத்துவிட்டார். ‘இத்தனை பேர் கூட்டமாக வந்து வாங்குகிறார்கள், அப்பத்தின் முன் நடுங்குகிறவன் என் டைப்பிஸ்ட் ஒருவன்தான். அவனைத் தொந்தரவு செய்யமாட்டேன்.’ ஒவ்வொரு திருவிருந்துக்கும் அப்பத்தை எண்ணி வெட்டுகிறபோது ஒரு துண்டு கூடுதலாக வெட்டியிருக்கிறார். ‘எம்.முக்கான துண்டு இன்றும் தட்டில் மீந்தது.’ பக்கத்தைத் திருப்பினால், ‘மீந்தது.’ திருப்பினால், ‘மீந்தது.’ நாற்பத்தெட்டு இடத்தில். யோவ் மனுஷா, ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை, ‘ஏன்டா வரலை’ன்னு கேட்டிருக்கக்கூடாதா? ஆயிரம் கடிதம் சொல்லச் சொல்ல அடிச்சேனே, இதைச் சொல்ல உமக்கு வாய் வரலையா? பெட்டி முன்னால் உட்கார்ந்து வாய்விட்டே திட்டினார் மாசிலாமணி, அப்புறம் நோட்டை நெஞ்சோடு வைத்துக்கொண்டு அழுதார், எழுபத்தொன்பது வயசுக் கிழவர், மூக்கு ஒழுக ஒழுக. இத்தனை அன்பையும் கோபம் என்று நினைத்துக்கொண்டு அதன் எதிரிலேயே உட்கார்ந்து டைப் அடித்திருக்கிறோமே.

மூன்று. ஷீபா எழுந்துவிட்டாள், அவள் வரிசை போகிறது, போகிறபோது திரும்பிப் பிள்ளையைப் பார்த்துக் கையை ஆட்டினாள். பாட்டுக்குழு ஏதோ ஒரு கீர்த்தனையை ஜவ்வாக இழுத்துக்கொண்டிருந்தது. இப்போது போனால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. எல்லாரும் பார்ப்பார்கள். பார்க்கட்டுமே. கிழவன் இத்தனை வருஷம் என்ன பாவத்தை மூடி வைத்திருந்தானோ, இன்றைக்கு அறிக்கை பண்ணிவிட்டு வருகிறான் என்பார்கள். சொல்லட்டுமே. அதுவும் இல்லை அவரைப் பிடித்து நிறுத்துவது. அதற்குக் கீழே வேறொன்று இருக்கிறது, அதைத் தொட்டால் கூசுகிறது. அந்த மனுஷர் தன்னைப் பரிசுத்தவான் என்று நினைத்துக்கொண்டே கண்ணை மூடியிருக்கிறார். பரிசுத்தவானாவது, மண்ணாங்கட்டியாவது. வீம்பு. வெறும் வீம்பு. வா என்று கூப்பிடவில்லை என்கிற ரோஷம், முதலில் முள்ளாகக் குத்தியது, அப்புறம் பழகி, அப்புறம் அதுவே ஒரு அந்தஸ்தாகி, ‘நான்தான் பந்திக்குப் போகாதவன்’ என்று ஒரு மிடுக்காகவே ஆகிவிட்டது. இப்போது எழுந்து போனால் அந்த நாற்பத்து மூன்று வருஷமும் வெறும் வீம்பு என்று தானே தன் வாயால் சொன்ன மாதிரி. போகாமல் இப்படியே செத்துப்போனால், ஐயர் நினைத்தது நினைத்தபடியே இருக்கும், அமெரிக்காக் கல்லூரியில் எவனாவது நோட்டைப் படித்து, ஆஹா, எப்பேர்ப்பட்ட தேவபயம் என்று எழுதுவான். ஆசையாகத்தான் இருக்கிறது, பொய் சொல்வானேன். வெள்ளிக்கிழமை சற்குணம் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது எல்லாவற்றையும் சொன்னார். அவள் கேட்டுக்கொண்டே கீரையை உருவினாள், காம்பும் இலையும் ஒன்றாக முறத்தில் விழுந்தது, கவனிக்கவில்லை. முடிந்ததும், “தெனம் ஒரே ரூம்லதானே உக்காந்திருந்தீங்க? ரெண்டு பேர்ல ஒருத்தர் வாயத் தொறக்கக் கூடாதா?” என்றாள். “நான் எத்தனை தடவ தனியா முட்டி போட்டேன், தெரியுமா உங்களுக்கு? பக்கத்துல எல்லாம் புருஷன் பொண்டாட்டியா வந்து நிப்பாங்க.” “நீயாச்சும் கூப்பிட்டிருக்கலாமே சற்குணம்.” “கூப்பிட்டா உங்க ரோஷம் என்னாகிறது? ஐயர் சொல்லாம எப்படிப் போவேன்னு என்னையே ஏறிவிழுவீங்க.” கொஞ்ச நேரம் கீரையை ஆய்ந்தாள். “ஞாயித்துக்கிழமை போய் வாங்கிக்குங்க. இனிமே யாரும் வெத்தல பாக்கு வெச்சுக் கூப்பிட மாட்டாங்க” என்றாள், சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

கடைசி வரிசையும் எழுந்துவிட்டது. கோயில் வேலைக்காரர் பெஞ்சு பெஞ்சாகக் கையைக் காட்டிக்கொண்டே வந்தவர், இவர் பெஞ்சுக்கு முன்னால் பழக்கப்படி நின்று, பழக்கப்படி திரும்பிப் போனார். அவர்மேல் தப்பில்லை. போன முதுகைப் பார்த்துக்கொண்டிருந்த மாசிலாமணி, சரி, அடுத்த மாசம் பார்த்துக்கொள்ளலாம், இப்போதுதான் மாசாமாசம் வருகிறதே என்று நினைத்தார், நினைத்து முடிப்பதற்குள் எழுந்து நின்றிருந்தார். எப்படி எழுந்தார் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. குழந்தை இடது தோளில். நடைபாதை இவ்வளவு நீளமா? “தாத்தா, பாப்பா அழுதாளா?” என்று யாரோ ஒரு பெண் கிசுகிசுத்தாள், அவர் நிற்கவில்லை. முட்டி கடகடவென்றது, பலிபீடத்துக்கு முன்னால் இருந்த கிராதியைப் பிடித்து ஒருவழியாக முழங்காலில் இறங்கினார், வரிசையின் கடைசி ஆள். அந்தக் கோடியிலிருந்து ஷீபா எட்டிப் பார்த்துக் கையை நீட்டினாள், பிள்ளையை வாங்க. இவர் தலையை ஆட்டிவிட்டார். கிளமென்ட் ஐயர் தட்டோடு ஒவ்வொருத்தராக வருகிறார், செருப்பில்லாத பாதம் தெரிகிறது, அங்கியின் ஓரம் தெரிகிறது, இதோ பக்கத்து ஆள், இதோ. ஐயர் நின்றார். முகம் மலர்ந்து போயிற்று அவருக்கு. குனிந்து குழந்தையின் உச்சந்தலையில் கைவைத்து ஒரு ஆசீர்வாதம் சொன்னார், மாசிலாமணியைப் பார்த்து அன்பாக ஒரு சிரிப்புச் சிரித்தார், தட்டை எடுத்துக்கொண்டு பலிபீடத்துப் பக்கம் திரும்பினார். பாவம் கிளமென்ட் ஐயர், சின்ன வயசு, அவருக்கென்ன தெரியும்? பிள்ளையை ஆசீர்வதிக்கத் தாத்தா தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார், அவ்வளவுதான். இருக்கட்டும், வந்தாச்சு, முட்டி போட்டாச்சு, அவருக்கே இப்போ தெரியும், திரும்பிப் பார்ப்பார், காத்திருந்து பார்ப்போம் என்று உள்ளே ஒரு குரல் நிதானமாகச் சொன்னது. சொல்லிக்கொண்டிருக்கும்போதே அது அந்தப் பழைய வீம்பின் குரல்தான் என்று அவருக்குத் தெரிந்துபோனது. அவர் வலது கையை நீட்டினார். அது நடுங்கியது. “ஐயரே!” என்று கூப்பிட்டார், பாட்டுக்குழுவே பாட்டை விட்டுவிட்டது, இருநூறு பேர் திரும்பினார்கள், சற்குணம் எழுந்து நின்றுவிட்டாள்.

“எனக்குக் குடுக்கல ஐயரே. எனக்கும் வேணும்.”